எங்க நைனா வூட்டுத் தோலு, எங்க நாத்தனா கத்தி

பழுக்கக் காய்ச்சின இரும்ப பழைய எஞ்சின் ஆயில்ல முக்கினா ஒரு பொகை வரும் பாருங்க... தொண்டையப் புடிக்கும். கல்யாணம் ஆன புதுசுல எங்க வாசல்ல சாயங்காலம் ஆனா அந்தப் பொகைதான்.

நான் பொன்னேரி பக்கம் நெல்லு வெளையிற ஊருக்காரி. எங்க வூட்டுக்காரரு பழவேற்காடு லைட்ஹவுஸ் குப்பம், ஃபைபர் போட்டுல கடலுக்குப் போறவரு. லவ் மேரேஜ். பெத்த அப்பா, எங்க நைனா, என்கிட்ட பேச்ச நிறுத்திட்டாரு. குப்பத்துலயோ நான் ‘வயக்காட்டுப் பொண்ணு’. மீன் அரியத் தெரியாது. கெளுத்தி முள்ளு குத்தி உக்காந்து அழுதவ நானு.

அப்பதான் இவரு கத்தி செய்ய ஆரம்பிச்சாரு.

எளாவூர் செக்போஸ்ட் கிட்ட ஒரு மெக்கானிக் கடையில லாரியோட பழைய ஸ்பிரிங் பட்டை ஒன்னு வாங்கினு வந்தாரு. கடலுக்குப் போயிட்டு வந்து, குளிச்சி, சாப்ட்டு, நேரா அதுங்கிட்ட போயி உக்காந்துப்பாரு. கரியப் போட்டு ஊதி, காய்ச்சி, சம்மட்டியால அடிச்சி... முழங்கை நீளத்துக்கு ஒரு கத்தி. அகலமா, முதுகு தடிமனா, சுறாவே வந்தாலும் ரெண்டா வகுந்துடும்.

டச்சுக் கோட்டையில இருந்து எந்தக் காலத்துலயோ யாரோ உருட்டினு வந்த கருங்கல்லு ஒன்னு எங்க வாசல்ல கெடந்துச்சி. நான் துணி துவைக்கிற கல்லு அது. அதுலதான் தீட்டுவாரு. துணி ஊறினு கெடக்கும், நான் பக்கெட்ட வச்சிக்கினு நிப்பேன். திரும்பிக்கூட பாக்க மாட்டாரு.

“இன்னாத்துக்கு இம்மாம் பெரிய கத்தி?”

“பாரேன்...” அப்டின்னு ஒரு சிரிப்பு.

அந்த சிரிப்புல நான் வுழுந்துட்டேன். எனக்குத்தான் செய்யிறாருன்னு முடிவே பண்ணிட்டேன்.

அப்புறம் பாத்தா, ஒருநாள் சொல்லாம கொள்ளாம எங்க ஊருக்கே போயிட்டு வந்துட்டாரு! மோட்டார் வந்தப்புறம் கெணத்துல மாடு கட்டி கவலை எறைக்கிறது நின்னு போச்சில்ல, தண்ணி மொள்ற அந்தப் பையோட தோலு எங்க மாட்டுக் கொட்டாய் பரண்ல கெடக்கும். கத்திக்கு உறை தைக்கணும், அதக் குடுங்கன்னு நைனாகிட்டயே போயி கேட்டுருக்காரு. நைனா நேரா பரண்ல ஏறி எடுத்தாந்து முன்னாடி போட்டாராம்.

நான் அந்தத் தோல மோந்து மோந்து பாத்தேன். வெளக்கெண்ண வாசனை, எங்க கெணத்து வாசனை.

அதைத் தண்ணியில ஊறப்போட்டு, கத்திமேல சுத்திக் கட்டி, காயவச்சி, கத்தி மாதிரியே மடிய வச்சாரு. வலை கட்டுற நூலுக்கு மெழுகுவத்தி தடவி தெச்சாரு பாருங்க, ஒவ்வொரு தையலும் அச்சடிச்ச மாதிரி இருக்கும். பொறந்த வூட்டுத் தோலு, புருசன் கைத்தையல்... இனிமே எவ என்னை வயக்காட்டுப் பொண்ணுன்னு சொல்றா பாத்துடலாம்னு இருந்தேன்.

கடலுக்குப் போவாத ஒரு நாளு. எங்க நாத்தனா வந்திருந்தாங்க. இவருக்கு அக்கா, பொன்னேரி மார்க்கெட்ல மீன் விக்கிறவங்க. நாங்க ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து பேசினு இருந்தோம். இவரு உள்ள போயி கத்திய எடுத்தாந்து, எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல தரையில வச்சாரு.

எங்க பக்கம் கத்திய கைக்குக் கை குடுக்க மாட்டாங்க. குடுத்தா சண்ட வரும்னு, கீழ வச்சுடுவாங்க. வேணுங்கறவங்க எடுத்துக்கணும்.

நான் கைய நீட்டிட்டேன்.

“அது அக்காவுக்கு” அப்டின்னாரு.

நீட்டுன கைய எங்க வச்சிக்கறதுன்னு தெரியல எனக்கு. நாத்தனா இடது கையால எடுத்து, உறையில இருந்து உருவிப் பாத்து, “டேய்...” னாங்க. அவ்ளோதான். கண்ணு கலங்கிடுச்சி அவங்களுக்கு. பழைய கத்திய கோணியில சுத்தி பஸ்ஸுல எடுத்துனு போறப்ப கையக் கிழிச்சிக்குவாங்களாம், அதுக்குத்தான் உறையாம்.

எனக்கு எரிஞ்சிது பாருங்க. பொறாமைதான், அதுக்கு வேற பேரு கெடையாது. நல்ல மனுசி அவங்க, என்னை ஒரு சொல்லு சொன்னதில்ல. அதனால இன்னும் எரிஞ்சிது. மார்க்கெட்டுக்குப் போனா அவங்க இடுப்புல தொங்குற எங்க நைனா வூட்டுத் தோலுதான் என் கண்ணுல படும்.

வருசம் ஓடிச்சி. நாத்தனாக்கு முட்டி போச்சி, யாவாரத்த வுட்டாங்க. ஒருநாள் வந்து கத்திய என் முன்னாடி தரையில வச்சி, “நீ வச்சிக்கமே” ன்னாங்க.

அன்னிக்கே ஒரு வஞ்சிரம் வாங்கி அரிஞ்சேன். துண்டு கோணக்கோணையா வுழுது. திருப்பிப் புடிச்சேன், அப்பவும் இழுத்துனு போவுது. நாத்தனா பாத்துட்டு சிரிச்சாங்க. “அது நொட்டாங்கைக்குத் தீட்டுனதுமே. ஒரு பக்கந்தான் சரிவு. என் கைக்குன்னு செஞ்சான் அவன்.”

அக்கா இடது கையால வெட்டுவாங்கன்னு பாத்து, அதுக்குத் தக்கனக் கல்லுல தீட்டிருக்காரு மனுசன். நான் அந்தக் கல்லு பக்கத்துலயே நின்னுகினு இருந்திருக்கேன்...

இப்ப எம்மருமவ ஃபோன்ல அமுக்குனா மீனு துண்டு போட்டு வாசலுக்கு வந்துடுது. ஆன்லைன்ல கத்தி செட்டு ஒன்னு வாங்கினா, தோலு மாதிரி பிளாஸ்டிக் கவரோட. யாருக்குன்னு செஞ்சது அது? யாருக்கும் இல்ல. அதப் பாத்து எவளும் வயிறு எரிய மாட்டா.

போன வாரம் வாசல்ல உக்காந்து அந்தக் கத்தியால திருக்கை மீனு அரிஞ்சினு இருந்தேன். இவரு கடலோரம் போயிட்டு வந்து நின்னு பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு.

“ஏம்மே, நீ எப்ப நொட்டாங்கையான?”

“நெறய வருசமாச்சி.”

“சொல்லிருந்தா உனக்கும் ஒன்னு அடிச்சிக் குடுத்திருப்பேனே...”

நான் தல நிமிரல. துண்டு நேரா வுழுந்துனு இருந்திச்சி.

“அன்னிக்கு உங்க அக்கா கேட்டாங்களா?” ன்னேன்.