ஜாக்கிக்குக் கிடைத்த தனி வீடு

அறுபதுகளில் நானும் என் மச்சினனும் தாராவியில் ஒரு பழைய லாரியை வைத்துக்கொண்டு, டிராம்பே எண்ணெய் ஆலைக்குக் காலி பீப்பாய்களை ஏற்றிப் போய்க்கொண்டிருந்தோம். ஓட்டுவது நான். அவன் கிளீனர். ஜாக்கி, ஸ்பேனர், திருப்புளி, கயிறு எல்லாம் சீட்டுக்குக் கீழே ஒரே சாக்கில் கிடக்கும். ஒன்று வேண்டுமென்றால் சாக்கையே ரோட்டில் கவிழ்ப்போம். எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

அவனுக்குத் தெரிந்தது. தோல் கடைகளில் மிஞ்சிய துண்டுகளை வாங்கி வந்து, சாமானுக்குச் சாமான் அளவெடுத்துப் பைகள் தைத்தான். அவற்றைப் பலகைகளில் அறைந்து, பலகைகளைச் சீட்டுக்குப் பின்னால் கொக்கியில் மாட்டினான். வேண்டும்போது கழற்றிக்கொள்ளலாமாம்.

"பாத்தியளா அத்தான், ஜாக்கிக்குக் கீழ் வீடு, ஸ்பேனருக்கு மாடி வீடு."

"ஏல, இந்த ஊர்ல மனுசனுக்கே வீடு கெடைக்கல," என்றேன். நாங்கள் குடும்பத்தோடு ஒரே அறையில் ஒருவர் கால் இன்னொருவர் தலையில் இடிக்கப் படுத்திருந்த காலம். ஸ்பேனர் தனிக்குடித்தனம் போனதில் எனக்கு உண்மையிலேயே வயிற்றெரிச்சல்.

ஆலைக்குள் தீப்பெட்டி கூடாது. கேட்டிலேயே ஒப்படைத்துவிட வேண்டும். மறைத்து எடுத்துப்போனால் ஆலைக்குள் வண்டி விடுகிற பாஸைப் பிடுங்கிவிடுவார்கள். பாஸ் போனால் எங்கள் பிழைப்பும் போனது. பலகைகளை மாட்டிக்கொண்டு முதல் தடவை போன அன்றும் பீடித் தீப்பெட்டியை ஒழுங்காகக் கொடுத்தோம். காவலாளி அதைத் தன் மேஜையில் குவிந்து கிடந்த தீப்பெட்டிகளோடு எறிந்தார். திரும்பி வரும்போது எவனுக்கும் தன்னுடையது கிடைக்காது. தினமும் அதில் ஒரு சண்டை நடக்கும்.

வழக்கமாக எங்கள் சாக்கைக் காலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு விட்டுவிடுகிற மனிதர், பலகைகளைக் கண்டதும் லாரியில் ஏறிவிட்டார். ஒவ்வொரு பையாகத் திறந்தார். மச்சினன் வீட்டுத் தரகனைப் போல் ஹிந்தியில் விளக்கிக்கொண்டே வந்தான். மேல் வரிசையை நெருங்கியபோதுதான் எனக்கு உறைத்தது. வெள்ளிக்கிழமை தோறும் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துச் சூடம் கொளுத்துவோம். அந்தச் சூடமும் தீப்பெட்டியும் அங்கேதான் இருந்தன. சாமித் தீப்பெட்டியை நாங்கள் இரண்டு பேருமே தீப்பெட்டியாக நினைத்ததில்லை.

"மாச்சிஸ்," என்று காவலாளி அந்தத் தீப்பெட்டியை என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"அது சாமிக்குள்ளது," என்றான் மச்சினன், தமிழில்.

காவலாளி பாஸைக் கையில் எடுத்துக்கொண்டார். காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். அவர் என் பக்கமே திரும்பவில்லை. பைகளைப் பார்த்தார். மேஜையில் கிடந்த குவியலைப் பார்த்தார். மறுபடி பைகளைப் பார்த்தார். பிறகு பலகைகளைத் தாமே கொக்கியிலிருந்து கழற்றினார். எவ்வளவு சுலபமாக வருகிறது என்று மச்சினனைப் பாராட்டவும் செய்தார். பாஸ் என் கைக்குத் திரும்பியது. பலகைகள் கேட் அறைச் சுவருக்குப் போயின.

ஜாக்கியும் ஸ்பேனரும் பழையபடி சாக்குக்கு வந்து சேர்ந்தன. எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

மறுநாள் கேட்டில் நீளமான லாரி வரிசை. எங்கள் முறை வந்ததும் அவன் குதித்து இறங்கி, கேட் அறைச் சுவரில் தொங்கிய ஜாக்கியின் பையில் தன் தீப்பெட்டியை வைக்க ஓடினான். அதில் வேறு யாருடைய தீப்பெட்டியோ இருந்தது. பக்கத்துப் பையிலும் அப்படியே. மேல் வரிசை, கீழ் வரிசை எல்லாம் நிறைந்துவிட்டிருந்தது. காவலாளி கையை விரித்தார்.

மச்சினன் தீப்பெட்டியை மேஜையில் போட்டுவிட்டு வந்து ஏறினான்.

"கட்டுனவனுக்கே எடம் இல்லையாம், அத்தான்."

"பம்பாய்ல வேற எப்படில இருக்கும்," என்று சொல்லி வண்டியைக் கிளப்பினேன்.