ஈஹோலே என்றால் தொட வேண்டும்

இப்போதும் சுடு பாண் மணம் வந்தால் என் காது ஒரு சொல்லைத் தேடும்.

தொண்ணூறுகளில் கனடாவில், ஸ்காபரோவில், ரொட்டி சுடும் ஒரு பாண் தொழிற்சாலையில் வேலை செய்தேன். தட்டுக்குப் பன்னிரண்டு பாண். எண்ணாமல் நான் ஒரு தட்டையும் தள்ளியதில்லை. மேசையின் மறுபக்கம் எல் சல்வடோரில் இருந்து அகதியாக வந்த ஒருவர். அவர் எதையும் எண்ணமாட்டார். பனி கொட்டினால் "ஈஹோலே!" என்பார். பாண் கருகி வந்தாலும் "ஈஹோலே!"

"மாஸ்டர், உது தூசணம், கெட்ட பேச்சு. உங்களைப் பார்த்துத்தான் சொல்லுறான்," என்று, ஊரில் நான் படிப்பித்ததை அறிந்த எங்கள் ஊர்க்காரர் ஒருவர் சிரித்தார். ஒரு கிழமை கவனித்தேன். என்னைப் பார்த்துச் சொன்னது இரண்டே தரம். வியப்பு வந்தால் வருகிற சொல் என்று விளங்கியது.

விளங்கிய பிறகுதான் பயம் வந்தது. மனைவியும் மகளும் கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்தார்கள். நான் விட்டு வந்தபோது மகளுக்கு நாலு வயது. புதிதாக வந்த படத்தில் தாயின் தோளுக்கு வளர்ந்து நின்றாள். சாப்பாட்டு நேரத்தில் நான் அதைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் எட்டிப் பார்த்தார். "ஈஹோலே!" என்று நீட்டி இழுத்தார். பிறகு மா ஒட்டிய விரலைப் படத்தில் மகளின் நெற்றியில் வைத்து அழுத்தினார்.

வளரும் பிள்ளையைப் பார்த்து வாய் பிளந்தால் நாவூறு படும் என்று கேட்டு வளர்ந்தவன் நான். விசா வருகிற நேரத்தில் இது தேவையா? படத்தைப் பறித்துக்கொண்டேன். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் அவரே, எங்கள் இருவருக்கும் பொதுவான அரைகுறை ஆங்கிலத்தில், ஏன் கோபம் என்று கேட்டார். என் கண்ணையும் சட்டைப்பையில் இருந்த படத்தையும் மாறிமாறிக் காட்டினேன். உடனே விஷயத்தைப் பிடித்துக்கொண்டார். அவர்கள் ஊரிலும் கண் படுமாம். பிள்ளையைப் பார்த்து வியந்தவர் அந்தப் பிள்ளையைத் தொட்டுவிட வேண்டுமாம். தொட்டால் கண் ஒன்றும் செய்யாதாம்.

"தொடாமல் போயிருந்தால் நீ பயப்படலாம்," என்றார்.

அடுத்த வசந்தத்தில் விசா கிடைத்தது. விமான நிலையத்தில் மகள் தாயின் பின்னால் ஒதுங்கி, யாரோ ஒருவரைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள். படத்தில் இருந்ததைவிடவும் வளர்ந்திருந்தாள். "ஈஹோலே" என்றேன்.

"அம்மா, அப்பா என்ன சொல்லுறார்?"

"எனக்கென்ன தெரியும்? கனடாப் பாஷையாக்கும்."

கையை நீட்டி அவள் நெற்றியைத் தொட்டேன். அவள் விலகவில்லை. கையை எடுக்க மறந்து நின்றேன். பின்னால் பெட்டி வண்டில்களோடு வந்த மூன்று பேர் வழி விடச் சொல்லிச் சத்தம் போட்டார்கள்.