இரண்டு பிரேக் உள்ள ரீல்

சனிக்கிழமை காலை தூண்டில் கடை வாசலில் நின்ற லிஃப்ட் மெக்கானிக்குக்கு உள்ளங்கை வியர்த்துக் கொட்டியது. இருபது மாடிக் கட்டடங்களின் உச்சியில், கீழே ஒன்றுமே இல்லாத குழிக்கு மேல் நின்று ஸ்பேனர் பிடிக்கும் கை அது. அதை வைத்து அவரைத் துணிச்சல்காரர் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. ஒரு பெல்ட் போதும் என்கிற இடத்தில் இரண்டு கட்டுவார். இரண்டையும் இழுத்துப் பார்ப்பார். சரியாகத்தான் இழுத்துப் பார்த்தோமா என்று மறுபடியும் இழுப்பார். எந்த லிஃப்டைத் திறந்தாலும் முதல் கேள்வி, "இந்த பிரேக் போச்சுன்னா அடுத்த பிரேக் எங்க?" என்பதுதான். கம்பெனியில் அவரை ரெண்டாம் பிரேக் என்றே கூப்பிட்டார்கள். வேறு பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

அவர் பயப்படுகிறவற்றைப் பட்டியல் போட்டால் தாள் தீர்ந்துவிடும். மனைவிக்கு இது கல்யாணமான மூன்றாம் நாளே தெரிந்துபோனது. குளியலறைப் பல்லி ஒன்றுக்காக அவர் போட்ட கூப்பாட்டில் பக்கத்து வீட்டுக்கும் தெரிந்துபோனது. தெரியாத ஒரே ஆள், பன்னிரண்டு வயது மகள்.

காரணம் ஒரு தழும்பு. மகளுக்கு ஐந்து வயதிருக்கும்போது, அப்பாவின் வலது கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு, இது என்ன என்று கேட்டாள். பால்பவுடர் டின் மூடி கிழித்தது. அந்த உண்மையில் ஒரு தகப்பனுக்குப் பெருமை சேர்க்க எதுவும் இல்லை. ஆகவே அன்று அவர் வாயிலிருந்து ஒரு பாஸ் மீன் வந்தது. நாலு கிலோ. நீர்த்தேக்கத்தின் நடுவே, தனிப் படகில். பெய்ட்காஸ்டிங் ரீல் என்கிற உருளையிலிருந்து நூல் பறக்க, அதை வெறும் கட்டைவிரலால் அழுத்தி நிறுத்தியதில் பட்ட காயம். தகவல் எல்லாம் பல் டாக்டரின் வரவேற்பறையில் கிடந்த பழைய பத்திரிகையிலிருந்து கிடைத்தவை. மீன் நல்ல ஆரோக்கியத்துடன் இருந்தது. ஏழு வருடத்தில் ஏழு கிலோவாக வளர்ந்தது.

போன வாரம் பள்ளி விழாக் குலுக்கலில் மகளுக்கு ஒரு தூண்டில் கம்பு விழுந்தது. ரீல் இல்லாத கம்பு. பிடிக்குக் கீழே துப்பாக்கி விசை மாதிரி ஒரு கொக்கி. அப்படிப்பட்ட கம்பில் ரீல் மேலேதான் உட்காரும். அதாவது பெய்ட்காஸ்டிங் ரீல் மட்டுமே உட்காரும். பழகுவதற்குச் சுலபமான வேறு ரீல் எதுவும் அதில் சரிப்படாது. விதி இவ்வளவு துல்லியமாக வேலை பார்த்து அவர் கண்டதில்லை.

"அப்பா, ஞாயித்துக்கிழமை நீர்த்தேக்கத்துக்குப் போறோம். நீங்க சொல்லித் தரீங்க," என்றாள் மகள்.

"ஞாயித்துக்கிழமை மழை வருமே."

"வராது. பார்த்துட்டேன்."

"மீனெல்லாம் முட்டை போடுற நேரம் கண்ணு. பாவம்."

"அது போன மாசமே முடிஞ்சுது. அதையும் பார்த்துட்டேன்."

பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்த மனைவி திரும்பவே இல்லை. "போயிட்டுதான் வாங்களேன். ஏழு கிலோ மீனையே அடக்கின ஆளுக்கு என்னங்க பயம்?" குரலில் இரண்டு கரண்டி சர்க்கரை இருந்தது.

கம்பெனி அவரைக் கோழை என்று சொல்லட்டும், சொல்லிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் உலகத்தில் ஒரே ஒரு ஜீவன் அவரை வீரர் என்று நம்பிக்கொண்டிருந்தது. ஞாயிறு காலை ஏழு மணிக்கு அதுவும் இல்லாமல் போகப் போகிறது. அதை நினைக்கும்போதெல்லாம், கதவு திறந்து லிஃப்ட் வராத குழியை எட்டிப் பார்த்த மாதிரி இருந்தது.

தூண்டில் கடையை நடத்தியவர் கனத்த உடம்புக்கார அம்மா ஒருவர். மூக்குக்கண்ணாடி கயிற்றில் தொங்கியது.

"என்ன தம்பி வேணும்?"

"பாஸ் மீனுக்கு ஒரு பெய்ட்காஸ்டிங் ரீல். ரொம்ப விலை வேண்டாம்."

"புதுசா பழகுறீங்களா?"

"இல்லைங்க, நான் ரொம்ப வருஷமா…" பழக்க தோஷத்தில் மீன் வெளியே வரப் பார்த்தது. கடையில் வேறு யாருமில்லை. இருந்தும் குரலைத் தாழ்த்தினார். "ஆமாம்மா. புதுசு."

அந்த அம்மா மூன்று ரீல்களை எடுத்து வைத்தார். "இது பெட்டி மேல பதினோரு பேரிங்னு பெருசா போட்டிருக்கான். மயங்காதீங்க. மட்டமான பதினொண்ணுக்கு நல்ல அஞ்சு எவ்வளவோ மேல். இது அருமையான சாமான், ஆனா விலையைச் சொன்னா இங்கேயே உக்காந்துடுவீங்க. இதோ, இந்த மூணாவது உங்களுக்குச் சரி. கைப்பிடி ஒரு சுத்துக்கு உருளை ஆறு சுத்து. எல்லா வேலைக்கும் ஆகும்."

அவர் மூன்றாவதைக் காதருகே வைத்துச் சுற்றினார். கைப்பிடியில் ஆட்டம் இருக்கிறதா என்று அசைத்துப் பார்த்தார். பிறகு, யாராலும் தடுக்க முடியாதபடி, அந்தக் கேள்வி வந்தது.

"இதுல பிரேக்?"

"பக்கவாட்டுல திருகு இருக்கு பாருங்க. காந்த பிரேக். பூஜ்யத்துலேர்ந்து பத்து வரைக்கும்."

"அது போச்சுன்னா?"

"கைப்பிடிகிட்ட இன்னொரு திருகு. உருளையையே இறுக்கும்."

அவர் முகத்தில் முதல்முறையாக ரத்தம் ஓடியது. "அதுவும் போச்சுன்னா?"

அந்த அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர் சட்டைப் பையிலிருந்த கம்பெனி முத்திரையைப் படித்தார். "தம்பி, நீங்க மீன் பிடிக்கப் போறீங்களா, மீனை ஏத்திக்கிட்டு மாடிக்குப் போறீங்களா?"

"சொல்லுங்கம்மா."

"அதுக்கப்புறம் உங்க கட்டைவிரல்தான். அதுதான் நிஜ பிரேக். நுனியில கட்டுற பொம்மை மீனு, லூர்னு சொல்வோம், அது தண்ணியைத் தொடுற நேரம் உருளையை விரலால அமுக்கணும். விட்டீங்கன்னா நூல் போறதைவிட உருளை வேகமா சுத்தி, உள்ளேயே பொங்கிச் சிக்கிக்கும். அதுக்காக ரெண்டு திருகையும் இறுக்கி வெச்சுடாதீங்க, தூரமே போகாது. லூர் மெதுவா கீழ இறங்குற அளவுக்கு லூஸ் விடுங்க. அப்புறம் விரலை நம்புங்க."

அவர் இதுவரை படித்த எந்தப் பாதுகாப்புக் கையேட்டிலும் 'விரலை நம்பவும்' என்றொரு வரி கிடையாது. மூன்றாவது ரீலை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்.

மத்தியானம், மகள் தோழி வீட்டுக்குப் போன நேரமாகப் பார்த்து, வண்டி நிறுத்துமிடத்தின் பின்புறம் ஒத்திகை நடந்தது. நூல் நுனியில் ஒரு நட்டைக் கட்டினார். திருகுகளைக் கடைக்கார அம்மா சொன்னபடியே தளர்த்தினார். கண்ணை மூடிக்கொண்டு வீசினார். நட்டு ஆகாயத்தில் கிளம்பிய வேகத்தைக் கண்டு விரல் பயந்து எழுந்துகொண்டது. உருளை கிறீச்சிட்டு, நூல் பொங்கி வழிந்தது. நூல் அறுந்து, நட்டு சைக்கிள் கொட்டகையின் தகரக் கூரையில் இடியாக விழுந்தது. எங்கோ ஒரு நாய் குரைக்க, அவர் ஒரு காருக்குப் பின்னால் ஐந்து நிமிடம் குந்தியிருந்தார்.

அதன்பிறகு அவர் செய்ததை ஒரு லிஃப்ட் மெக்கானிக் மட்டுமே செய்வார். சிக்கலை எடுத்து முடித்ததும் காந்தத் திருகைப் பத்துக்குக் கொண்டுபோனார். மற்றதை நகராத வரைக்கும் இறுக்கினார். பிறகு கருவிப் பையிலிருந்து பெயின்ட் பேனாவை எடுத்து, இரண்டு திருகுகளின் குறுக்கேயும் சிவப்புக் கோடு போட்டார். இறுக்கிய நட்டுகளின் மேல் அவர்கள் தொழிலில் போடும் கோடு அது. சரிபார்த்தாகிவிட்டது, இனி யாரும் தொடக் கூடாது என்று அர்த்தம். கோட்டைப் பார்த்ததும் அவருக்குப் பயம் ஓரளவு அடங்கியது.

ஞாயிறு காலை நீர்த்தேக்கம் அசையாமல் கிடந்தது. சிமென்ட் சரிவின் அடியில், பாசி படிந்த கடைசி விளிம்பில் அவர் நின்றார். மகள் ஓரடி பின்னால், கண் இமைக்காமல்.

வீசினார். லூர் அவருடைய காலணிக்குப் பக்கத்தில் 'டொக்' என்று விழுந்தது.

"காத்து எதிர்ல அடிக்குது," என்றார். ஒரு இலைகூட அசையவில்லை.

மறுபடி வீசினார். டொக். மூன்றாம் முறை கால் நுனியில் நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு வீசினார். இடது காலணிக்குப் பதில் வலது காலணி.

மகள் ரீலைக் குனிந்து பார்த்தாள். "இது என்னப்பா சிவப்புக் கோடு?"

"செட்டிங்."

"யார் போட்டது?"

"நான்தான்."

அவள் நிமிர்ந்தாள். "அப்பா. இதை இதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது வீசியிருக்கீங்களா?"

ஒரு பொய் தயாராகத்தான் இருந்தது. அது நாக்கு வரை வந்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது.

"நேத்து. கார் நிக்கிற இடத்துல."

"அப்ப அந்த ஏழு கிலோ?"

"அது நாலு கிலோதான் முதல்ல…"

"அப்பா!"

"மீனே இல்லை. டின் மூடி."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு. கம்பை வாங்கினாள். கோடுகளை நகத்தால் சுரண்டிவிட்டு, இரண்டு திருகையும் கடைசி வரை தளர்த்தினாள். இருந்த கோபத்தையெல்லாம் சேர்த்து வீசினாள். லூர் அழகாகப் பறந்தது. பாதி தூரத்தில் உருளை உறுமியது. நூல் உள்ளே பொங்கி, சிக்கி, கட்டியாக நின்றது.

அவர் ரீலை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே விளிம்பில் குந்தி, ஒவ்வொரு கண்ணியாக இழுத்துப் பிரிக்கத் தொடங்கினார். அரை மணி நேரம் அவள் பின்னால் சரிவில் உட்கார்ந்து, நகத்தில் ஒட்டிய சிவப்புப் பெயின்டைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அவர் வாழ்க்கையில் எந்தக் குழிக்கு மேலும் இப்படிப் பயந்ததில்லை.

"வேற என்னெல்லாம் பொய்?"

"எதுக்குக் கண்ணு இப்ப?"

"சொல்லுங்க."

"ராணுவத்துல வான்னு கூப்பிட்டாங்கன்னேனே. அது."

"அது எனக்கே சந்தேகம்தான். அப்புறம்?"

"பாம்பு."

"வீட்டுக்குள்ள வந்துச்சு, நீங்க வாலைப் பிடிச்சுத் தூக்கி…"

"தூக்கினது உங்கம்மா. நான் மேஜை மேல இருந்தேன்."

அவள் உதட்டோரம் ஏதோ துடித்தது. அதை அடக்கிக்கொண்டாள். "காலேஜ்ல நீச்சல்ல முதல் பரிசுன்னீங்களே?"

அவர் தண்ணீரைப் பார்த்தார். காலணி நுனியிலிருந்து ஒரு சாண் தூரத்தில், பச்சையாக, ஆழமாக இருந்தது.

"தெரியாது."

"கொஞ்சமாவது தெரியுமா?"

"சுத்தமா தெரியாது பாப்பா."

மகள் அவர் குந்தியிருந்த இடத்தைப் பார்த்தாள். பாசியைப் பார்த்தாள். சட்டென்று எழுந்து, பின்னாலிருந்து சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்து, அவரை ரீலோடு சேர்த்து மூன்றடி மேலே இழுத்தாள்.

"இங்க உக்காந்து எடுங்க," என்றாள். இன்னும் கோபமாகத்தான் இருந்தாள். பிறகு இறங்கிப் போய், அவருக்கும் தண்ணீருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டாள்.