கொட்ட மறுத்த தொட்டித் தண்ணீர்

மூன்று வருடங்களுக்கு முன், ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலை. காரைக்குடியில் வீட்டின் பின்புறமே என் நகைப் பட்டறை. எங்கள் தொழிலில் கை கழுவிய தண்ணீரைக் கொட்ட மாட்டோம். விரலில் ஒட்டிய பொன்தூள் அடியில் தங்கும் என்று ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் மாதக்கணக்கில் சேர்த்து வைப்போம்.

அன்று வீடு வீடாகக் கொசுப்புழு பார்க்கும் பெண் வந்தார். தொட்டிக்குள் டார்ச் அடித்து, "அண்ணே, புழு நெளியுது. கொட்டிருங்க" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "என் பிழைப்பையே கொட்டச் சொல்றியா? அடுத்த வீட்டைப் போய்ப் பாரு" என்று கத்தினேன். அவர் டார்ச்சை அணைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். ஏதோ சாதித்துவிட்டவன் போல நானும் ஊதுகுழலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அடுத்த வாரமே என் பத்து வயது மகளுக்குக் காய்ச்சல். டெங்கு என்றார்கள். ரத்தத்தில் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போக, சிவகங்கை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எங்கே கடித்த கொசு என்று யாரும் சொல்லவில்லை. சொல்லவா வேண்டும்?

மூன்றாம் நாள் மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். வாசலில் அதே பெண்; ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போயிருக்கும். குத்திக் காட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"பாப்பா எப்படிண்ணே இருக்கு?" என்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பழைய வேட்டி ஒன்று கேட்டார். நாலாக மடித்து வாளி மேல் கட்டி, தொட்டித் தண்ணீரை மெல்ல மெல்ல ஊற்றினார். முட்டை ஒட்டியிருக்கும் என்று உட்புறத்தைத் தேய்த்துக் கழுவி, அதையும் வடித்தார். "தூளும் போகக்கூடாது, புழுவும் இருக்கக்கூடாதுன்னு இத்தனை நாளா யோசிச்சேண்ணே. துணியை வெயில்ல காயப்போடுங்க, புழு செத்துரும், தூள் துணியிலயே தங்கிரும்; வாளித் தண்ணியைக் கொட்டிரலாம். வாராவாரம் இப்படி வடிச்சீகன்னா போதும்."

மகள் தேறி வந்தபின் ஒருநாள், தொட்டி பார்க்க வந்த அவரிடம் கேட்டாள், கொசுவை ஒழிக்கவே முடியாதா என்று.

"எங்கெங்கேயோ ஒரு மாதிரி ஆண் கொசுவை வளர்த்துப் பறக்கவிடுறாகளாம். அது கடிக்காது. அதோட சேர்ந்த பெண் கொசுவோட முட்டை பொரிக்காது. அது இங்குட்டு வர்ற வரைக்கும் நான்தான் வருவேன், பரவாயில்லையா?" என்று சிரித்தார்.

அந்தக் கொசு எப்போது வருமோ தெரியாது. என் மகள் திரும்பி வருவதற்குள் அவளுக்காக இந்த வீட்டைச் சுத்தமாக்கி வைத்தவர் நான் திட்டி விரட்டிய பெண்தான் என்பதை, வாராவாரம் தொட்டித் தண்ணீரை வடிக்கும்போது நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.