சித்தி வாங்கிக் குவித்த நாற்காலிகள்

முதலில் வந்தது ஒரு பிரம்பு நாற்காலி. மஞ்சூருக்குக் கீழே கட்டிய வீட்டில் பால் காய்ச்சிய கையோடு, ஊட்டியில் பங்களாச் சாமான்களை ஏலம் எடுத்து விற்கும் கடையிலிருந்து என் சித்தி அதைப் பஸ் மேல் ஏற்றிக் கொண்டுவந்தாள். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் நாற்காலி உருண்டுவிட்டதா என்று ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, கண்டக்டரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாளாம். அவளே சொல்லிச் சிரித்தாள். யாருக்காக வாங்கினாளோ அந்தச் சித்தப்பா அதில் ஒரு வேளைகூட முழுதாக உட்கார்ந்து சாப்பிடவில்லை.

சித்தப்பா எஸ்டேட் ஃபாக்டரியில் டீ மேக்கராக இருந்தவர். வந்து இறங்கும் கொழுந்து பக்குவமாக வாடி, ரோலரில் நசுங்கி, டிரையரில் காய்ந்து தூளாகிற வரைக்கும் அவர் பொறுப்பு. கொஞ்சம் அசந்தால் அத்தனையும் கருகிவிடும். அதனால் சர்வீஸ் முழுக்க, சித்தி கொடுத்தனுப்பிய தூக்குப்போசியை மெஷின் பக்கத்தில் திறந்து வைத்து நின்றபடியேதான் சாப்பிட்டார். ஓய்வு பெற்ற பிறகும் கால் அடங்கவில்லை. தட்டை ஏந்திக்கொண்டு வாசலுக்கும் கொல்லைக்கும் நடப்பார். இரண்டு வாய்க்கு மேல் ஓரிடத்தில் தரிக்க மாட்டார். பார்க்கிற நமக்கே தலை சுற்றும்.

“கல்யாணமான நாள்லருந்து இந்த மனுசன் எதுத்தாப்ல உக்காந்து நான் ஒரு வாய் சோறு தின்னதில்ல கண்ணு” என்பாள் சித்தி. அவளுக்கு வேறு ஆசையே இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. பிரம்பு குத்துகிறது போலிருக்கிறது என்று மெத்தை வைத்த நாற்காலி வந்தது. அது தாழ்வு என்று கை வைத்த தேக்கு நாற்காலி வந்தது. அது கனம் என்று, கூடலூரில் மூடிவிட்ட ஓட்டலிலிருந்து ஒரு மடக்கு நாற்காலி. மேஜையும் அப்படித்தான். டீக்கடைப் பளிங்கு மேஜை ஒன்று, பங்களாவில் சீட்டாடிய மேஜை ஒன்று, இரண்டையும் சேர்த்துப் போட்டு மேலே பூப்போட்ட துணி விரித்திருந்தாள். ஒன்று உயரம், மற்றது குட்டை. நடுவில் வைத்த ரசம் எப்போதும் ஒரு பக்கமாகச் சாய்ந்தே நிற்கும். வாரத்துக்கு ஒரு தடவை எல்லாவற்றையும் இழுத்து இடம் மாற்றுவாள். திரைச்சீலை மாறும், சுவரின் நிறம் மாறும். கோயமுத்தூரிலிருந்து வந்த உறவுக்காரப் பெண் இதுதான் இப்போது ஃபேஷன் என்று படம் பிடித்துக்கொண்டு போனாள். எனக்கு எரிச்சலாக வந்தது. “நாற்காலில ஒண்ணுமில்ல சித்தி, ஆள்கிட்டதான் கோளாறு” என்றேன். அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு தீபாவளிக்கு முன்னால் சமையலறை பிளக் எரிந்துபோய், கிரைண்டரைச் சாப்பாட்டு ரூமுக்குக் கொண்டுவந்து மாவு அரைத்தோம். கல் கடகடவென்று உருண்டுகொண்டிருந்தது. தட்டோடு நடந்து வந்த சித்தப்பா, அத்தனை நாற்காலிகளையும் விட்டுவிட்டு, கிடந்த ஒரு முக்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழவில்லை. ரசத்துக்கு இன்னொரு கரண்டி சோறு கேட்டார். நான் கிரைண்டரை நிறுத்தியதுதான் தாமதம், எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். ஃபாக்டரியில் சத்தம் நின்றால் ஏதோ கெட்டுப்போயிற்று என்று பொருள். வீட்டின் அமைதிதான் அவரை விரட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. எனக்கு முன்னால் சித்திக்கு இது புரிந்துவிட்டது. கரண்டியோடு அப்படியே நின்றாள்.

அன்றிலிருந்து கிரைண்டருக்குச் சாப்பாட்டு ரூமிலேயே குடித்தனம். மாவு வேண்டுமோ வேண்டாமோ, மத்தியானம் அது ஓடியாக வேண்டும். மிஞ்சிய மாவு வீடு வீடாகப் போனதில் அக்கம்பக்கத்தில் யாரும் அதன் பிறகு தோசைக்கு ஊறப்போட்டதில்லை. ஒருநாள் நானும் கூட உட்கார்ந்தேன். பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்கவில்லை. சித்தப்பா தலை குனிந்து சாப்பிட, எதிரே சித்தி ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். நடுவில் ஒருமுறை கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பாத்திரம் கழுவும்போது கேட்டேன். “இந்த இரைச்சல்ல அவர்கிட்ட என்னதான் பேசறீங்க?”

“அவருக்குக் கேக்காதுங்கற தைரியத்துலதான் பேசறேன்” என்றாள். “ஒத்தையில கெடந்தது, புள்ளைய பறிகொடுத்தன்னிக்கும் அவர் டூட்டிக்குப் போனது, எல்லாந்தான். மூஞ்சிக்கு நேரா சொன்னா அந்த மனுசன் தாங்கமாட்டாரு. எதுத்தாப்ல உக்காந்திருந்தா எனக்கு அது போதும்.”

போன மழைக்காலத்தில் சித்தி போய்ச் சேர்ந்தாள். காரியமெல்லாம் முடிந்த மறுநாள் நான்தான் சோறு போட்டேன். சித்தப்பா தானாகவே வந்து தேக்கு நாற்காலியில் உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. நான்தான் உட்கார முடியாமல் அடுப்படிக்கும் ரூமுக்கும் நடந்துகொண்டிருந்தேன். “கிரைண்டரைப் போடட்டுங்களா சித்தப்பா?” என்றேன்.

“வேண்டாம் அம்மணி. பேச ஆளில்லாம அது எதுக்கு?”

கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். “சித்தி பேசினது உங்களுக்குக் கேட்டுச்சுங்களா?”

“காலம் பூரா மெஷின் சத்தத்துல கெடந்த காது அம்மணி இது. அதுக்குள்ள ஆள் பேசறது நல்லாவே கேக்கும். ஒரு வார்த்தை விடாம கேட்டேன்.”

“அவங்ககிட்டச் சொல்லியிருக்கலாமே சித்தப்பா!”

“சொல்லியிருந்தா நிறுத்திப்போடுவாளே.”