எல்லாரும் சாப்பிட்ட பிறகு

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். அஞ்சாம் வகுப்போடு நின்றவன், பிழையும் இருக்கும். பொறுத்துக்கொண்டு படியுங்கள். வெளிநாட்டுத் தொண்டர் முகாமுக்குச் சமையல் வேலைக்குப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

என் ஊர் கூட்டேரிப்பட்டு. திண்டிவனம், விழுப்புரம் பக்கம் கல்யாணச் சமையல் செய்துகொண்டிருந்தேன். ஒரு புயலுக்குப் பிறகு ஓமந்தூர் பக்கம் வீடு கட்டிக் கொடுக்க வந்த வெளிநாட்டுத் தொண்டர்களுக்குச் சமைத்தேன். அந்த அமைப்பே என்னைத் தான்சானியாவுக்கு அழைத்தது. ஒரு வருட காண்ட்ராக்ட். தொண்டர்களுக்கு என்னைப் பிடித்தால் இன்னொரு வருடம். மகளை விழுப்புரத்தில் ஹாஸ்டலில் விட்டு நர்சிங் சேர்த்திருந்தோம். அந்த இரண்டாவது வருடம் கிடைத்தால்தான் அவள் படிப்பை முடிக்க முடியும்.

தொண்டர்கள் பல நாட்டுப் பிள்ளைகள். மூன்று மாதம் இருந்து பள்ளிக்கூடம் கட்டிவிட்டுப் போவார்கள். நான் ஸ்டாஃப். அவர்கள் போவார்கள், நான் இருப்பேன்.

போன புதிதில் மனைவி செல்வி போனில் கேட்டாள்.

"அங்க இன்னா கெடைக்குது?"

"கேப்பை கெடைக்குது. மல்லாட்டை கெடைக்குது."

"அப்புறம் இன்னா, கூட்டேரிப்பட்டுலயே இருந்துருக்கலாமே! இதுக்கா பிளேன் ஏறிக்கினு போனீங்க?"

கேழ்வரகும் நிலக்கடலையும் எங்கள் ஊரிலேயே விளைவதுதானே. சிரித்தேன். போனை வைத்தபின் அன்று என்னோடு பேச வேறு ஆள் இல்லை.

மூன்று வேளையும் பரிமாறிவிட்டுச் சுவர் ஓரம் நிற்பேன். எல்லாரும் போனபின் அடுப்படியில் தனியாகச் சாப்பிடுவேன். சட்டியில் எப்போதும் மிச்சம் இருக்கும். பிள்ளைகளுக்கு என் கைப்பக்குவம் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். எது பிடிக்கவில்லை என்று தட்டுகளை இன்னும் கவனமாகப் பார்த்தேன்.

வருட முடிவில் கோஆர்டினேட்டர் ஸ்டெல்லா மேடம் வந்தார். புதுச்சேரிக்காரர். முகாமுக்கு எப்போதாவதுதான் வருவார். தமிழ் பேச எனக்கு அங்கே அவர் ஒருவர்தான்.

"அண்ணே, பசங்க ஒங்கள வேணாம்னு எழுதிக் குடுத்திருக்காங்க."

"சமையல் நல்லால்லியா மேடம்?"

"சமையல் சூப்பருன்றாங்க. நீங்க தட்டையே மொறைச்சிக்கினு நிக்கிறீங்களாம். எவ்ளோ சாப்புடுறாங்கன்னு கணக்கு பாக்குறீங்கன்னு நெனைக்கிறாங்க. இன்னொரு வாட்டி கேக்கவே பயமா இருக்குதாம்."

"பந்தின்னா அப்டித்தான மேடம்? எலையில இன்னா மிச்சம் நிக்குதுன்னு பாக்க வாணாமா?"

"இது கல்யாணம் இல்லண்ணே. தட்ட எடுத்துக்கினு போயி அவங்களோட ஒக்காருங்க."

"நான் மொறைக்கலன்னு நீங்களே அவங்ககிட்ட சொல்லிடுங்களேன்."

"நான் சொன்னா ஆர்டர் மாதிரி ஆயிடும். நீங்களே போங்க."

கல்யாணத்தில் பந்தி முடியாமல் சமையல்காரன் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அன்று மதியம் தட்டோடு போய் பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்தேன். பேச்சு நின்றுவிட்டது. எதிரில் இருந்த கொரியாப் பெண் எழுந்து போனாள். நான் வந்தது பிடிக்கவில்லை போல என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவள் பருப்புச் சட்டியோடு திரும்பி வந்தாள். முதலில் எனக்கு ஊற்றினாள், பிறகு தனக்கு. பக்கத்துப் பையன் தட்டை நீட்டினான். சட்டி பெஞ்சைச் சுற்றிக் காலியாக வந்தது.

காண்ட்ராக்ட் நீண்டது. அந்தப் பிள்ளைகள் அடுத்த மாதமே போய்விட்டார்கள். புதியவர்கள் வரும்போதெல்லாம் முதல் நாள் தட்டோடு போய் உட்கார எனக்குத் தயக்கம்தான். பாஷை தெரியாமல் கூட்டத்தில் உட்காருவதும் தனிமைதான். ஆனால் அதில் சோறு இறங்கும்.

திரும்பி வந்து கொஞ்ச நாள் ஆகிறது. செல்வி எப்போதும் போலப் பரிமாறிவிட்டு, அடுப்போரம் நின்று என் தட்டைப் பார்ப்பாள். அந்தப் பிள்ளைகள் பார்த்தது என்ன என்று இப்போதுதான் தெரிகிறது.

"நீயும் ஒக்காரேன். பாத்துக்கினே நின்னா எனக்கு எறங்கல."

"ரெண்டு வருசம் நான் தனியாத்தான் துன்னேன். அப்போ யாரு பாத்தாங்க?" என்றாள்.

எழுந்து இன்னொரு தட்டு எடுத்து, சோறு போட்டு, குழம்பை முதலில் அவளுக்கு ஊற்றினேன். முறைத்தாள். பிறகு உட்கார்ந்தாள்.

இது இன்று மதியம் நடந்தது. ஆடி மாதம், முதல் ஞாயிற்றுக்கிழமை.