உந்தப் பிளேன் எங்க படுக்கிறது?

“அது சரி தம்பி, உந்தப் பிளேன் எங்க படுக்கிறது?”

விமலேஸ்வரி தொலைபேசியில் கேட்கிறார். மறுமுனையில், கொழும்பில் ஏதோவொரு விமானக் கொம்பனி அலுவலகத்தில் இருப்பவருக்குக் கேள்வி விளங்கவில்லை. எப்படி விளங்கும்? மல்லாவி பஸ் நிலையத்துக்கு எதிரே, பத்தடி அகலக் கடையில் பயணச்சீட்டுப் பதிந்து கொடுக்கும் ஐம்பத்திரண்டு வயதுப் பெண்ணொருவர், விமானம் எங்கே படுத்து எழும்புகிறது என்று எதற்குக் கேட்கிறார் என்று அந்த மனிதர் தலையைச் சொறிந்துகொண்டிருப்பார். விமலேஸ்வரி குரலை உயர்த்துவதில்லை. அதே கேள்வியை இன்னும் மெதுவாக, காது மந்தமானவருக்குச் சொல்வதுபோலத் திரும்பக் கேட்கிறார். முன்னால் பிளாஸ்டிக் கதிரையில் நான் முக்கால் மணித்தியாலமாக இருக்கிறேன். திருச்சிக்குப் போய்வர எவ்வளவு என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியது. அதை மட்டும் அவர் சொல்லமாட்டார்.

இந்தக் கரைச்சலுக்கெல்லாம் காரணம் பஸ். பன்னிரண்டு வருடம் அவர் ஒரு பஸ் டிப்போவில் லிகிதராக இருந்தவர். எந்த வண்டி எந்த வழிக்குப் போகிறது, இரவு எங்கே படுக்கிறது, எது பழுது, அதற்கு மாற்று எது என்று ஒவ்வொரு காலையும் எழுதிக் கொடுப்பது அவர் வேலை. அதை விட்டுவிட்டு ரிக்கற் கடை போட்டு ஒன்பது வருடமாகிறது. என்றாலும் மனுஷி டிப்போவை விட்டு இன்னும் வெளியே வரவில்லை. விமானம் என்பது அவருக்கு இறக்கை வைத்த பஸ், அவ்வளவுதான். அரசாங்க விமானமும் மலிவு விமானமும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு ஓடுவதை, அரச பஸ்ஸும் தனியார் மினிபஸ்ஸும் ஒரே வீதியில் முந்தி ஓடுவதைப் பார்க்கிற கண்ணாலேயே பார்க்கிறார்.

“கவுண்மேந்துக்காரனிட்ட இருக்கிறது கொஞ்சப் பிளேன். ஒண்டு பழுதாகிப் படுத்தா மாத்துக்கு ஆளில்லை. ஆனா உங்களை நடுறோட்டில விட்டிட்டுப் போகமாட்டான், சாப்பாடு தந்து, படுக்க இடம் தந்து, அடுத்ததில ஏத்துவான். மலிவுக்காரனிட்ட முந்நூறு நிக்கும், எல்லாம் ஒரே சாதி, ஒண்டு போனா ஒண்டு. ஆனா அதெல்லாம் அவன்ரை டிப்போவில. எங்கட பக்கம் அனுப்புறது ஒண்டே ஒண்டு. அது வராட்டிக் காசைத் திருப்பித் தந்திட்டுப் போயிடுவான்.”

இந்தப் பிரசங்கத்தை நான் குறைந்தது பத்துத் தடவை கேட்டிருப்பேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்புவிப்பேன். கட்டாருக்கு வேலைக்குப் போகிறவர் வந்தாலும் இதுதான், கனடாவுக்குப் பேரப்பிள்ளை பார்க்கப் போகிறவர் வந்தாலும் இதுதான். அதற்குப் பிறகு விமானத்தின் வயது. அதற்குப் பிறகு அது சொந்தமா, வாடகைக்கு எடுத்ததா என்ற விசாரணை. மகளுக்கு வரன் பார்க்கிற தகப்பன்கூட இவ்வளவு துருவமாட்டான். எல்லாம் முடிந்து சீட்டை அச்சடித்ததும், மேல் மூலையில் சிவப்புப் பேனையால் விமானத்தின் இனத்தை எழுதி, கீழே கோடு போடுவார். அதை எந்த அதிகாரி பார்க்கப்போகிறார் என்று ஒருநாள் கேட்டேன். “நான் பாப்பன்,” என்றார். இடையில் ஒரு வாய் வெறுந்தேத்தண்ணி, ஒரு கடி பனங்கட்டி. இத்தனைக்கும் அவர் தன் வாழ்நாளில் ஒரு விமானத்திலும் ஏறியதில்லை.

வேறிடமே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. எதிர்வரிசையில் கண்ணாடிக் கதவு, ஏசி, சுழல்கதிரை எல்லாவற்றோடும் சுஜிதன் இருக்கிறார். நான் முதலில் அங்கேதான் போனேன். ஐந்து நிமிடத்தில் கணினியைத் தட்டி, கலியாணத்துக்குப் போகிற நாங்கள் ஏழு பேரும் புதன்கிழமை எங்கள் பக்கத்துப் பலாலி விமான நிலையத்திலிருந்து மலிவு விமானத்தில் போகலாம், எல்லாருக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கை, இதைவிடக் குறைந்த விலை எங்கும் கிடையாது என்று சொல்லிவிட்டார். எனக்கு அந்தப் பிள்ளையைக் கட்டிப்பிடிக்கலாம்போல இருந்தது. வீட்டுக்கு வந்து சொன்னால், என் தங்கை இராசேஸ்வரி ஒரேயடியாக மறுத்துவிட்டாள். விமலேஸ்வரியிடம் கேட்காமல் ஒரு சீட்டும் எடுக்கக்கூடாதாம்.

அந்த நம்பிக்கைக்கு ஒரு கதை உண்டு. சில வருடங்களுக்கு முன் புதிதாக ஒரு கொம்பனி வந்து, அரை விலைக்கு ஆட்களை ஏற்றியது. ஊரே அள்ளுப்பட்டுக்கொண்டு ஓடியது. விமலேஸ்வரி மட்டும் அந்தக் கொம்பனியின் சீட்டை விற்கமாட்டேன் என்று நின்றார். நாலு விமானம், நாலும் வாடகை, நாலும் நாலு இனம். ஒன்றுக்குரிய உதிரிப்பாகம் மற்றதற்குப் பொருந்தாது, ஒன்றை ஓட்டுகிறவருக்கு மற்றதை ஓட்டத் தெரியாது, இது ஆறு மாதம் ஓடாது என்றார். அது ஐந்து மாதத்தில் படுத்துவிட்டது. அன்றிலிருந்து துணுக்காய், மல்லாவிப் பக்கத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான். கோயில் ஐயர்கூட காசிக்குப் போக நாள் குறிக்குமுன் அவரைக் கேட்டாராம்.

எங்கள் காரியத்துக்கு வருகிறேன். என் தங்கைக்கு ஒரே மகள், யதுர்ஷிகா. மாப்பிள்ளை பிரான்சில் அகதி அட்டையோடு இருப்பவர், இலங்கைக்கு வரமுடியாது. ஆகவே இப்போது எல்லாரும் செய்வதுபோல, அவர் அங்கிருந்து வர, நாங்கள் இங்கிருந்து போக, திருச்சியில் கலியாணம். கார்த்திகை மாதம், வெள்ளிக்கிழமை, காலை பத்தே முக்காலுக்கு முகூர்த்தம். மழைக்காலத்தில் இதென்ன நாள் என்று நான் கத்தினேன். மாப்பிள்ளைக்கு லீவு அப்போதுதானாம்.

விமலேஸ்வரி எல்லாவற்றையும் கேட்டார். மாப்பிள்ளையின் தொலைபேசி இலக்கத்தை வாங்கி, அவர் எந்த விமானத்தில் வருகிறார், வழியில் எங்கே மாறுகிறார் என்று பிரான்சுக்கே எடுத்து விசாரித்தார். எனக்கு மானம் போனது. பிறகு ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, நடுவில் ஒரு கோடு போட்டார். ஏழு பேரையும் ஒரே விமானத்தில் ஏற்றமாட்டாராம். அரசாங்க விமானத்தில் ஒரு பங்கு, மலிவு விமானத்தில் மீதி. எது படுத்தாலும் கலியாணம் நிற்கக்கூடாது என்பது அவர் கணக்கு. இடப்பக்கம் பொம்பிளையின் பெயரை எழுதினார். அடுத்தது தகப்பன். அடுத்தது மாப்பிள்ளைத் தோழனாக நிற்க வேண்டிய, பொம்பிளையின் தம்பி அனோஜன். அதற்குக் கீழே என் பெரியக்காவும் அத்தானும். இந்த ஐந்து பேரும் செவ்வாய்க்கிழமை, கொழும்புக்குப் பக்கத்துக் கட்டுநாயக்கவிலிருந்து அரசாங்க விமானத்தில். வலப்பக்கம் இரண்டு பெயர்: நானும், பெற்ற தாயும். புதன்கிழமை பலாலியிலிருந்து.

தாயை ஏன் பிரிக்கிறீர்கள் என்று நான் கொதியோடு கேட்டேன். அவர் தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“தாரை வார்க்கத் தாயும் தகப்பனும் வேணும். ரண்டு பேரும் ஒண்டில போய், அது படுத்தா ரண்டு பேரும் இல்லை. தாய் வராட்டிப் பெரியதாய் புருசனோட நிண்டு செய்து வைப்பா. பொம்பிளை போகாட்டி ஆர் நிக்கிறது?”

“அப்ப நான்?” என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“தாய்மாமன் இல்லாட்டிலும் தாலி ஏறும் அண்ணை,” என்றார் மிகவும் அன்பாக.

எனக்கு வந்த விசருக்கு மேசையைத் தூக்கிப் புரட்டியிருப்பேன். என்னோடு வந்திருந்த இராசேஸ்வரி எழும்பினாள். தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வந்தாள். வீட்டு வாசலில் ஓட்டோவை விட்டு இறங்கும்போதுதான் வாய் திறந்தாள். “நான் இல்லாட்டிலும் என்ரை பிள்ளையின்ரை கலியாணம் நடக்குமாம், என்ன அண்ணை?” என்றாள். சீட்டை மாற்றித் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், அவா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றாள். இப்படிப்பட்ட சனத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

செவ்வாய்க்கிழமை ஐந்து பேரும் ஒரு குறையுமில்லாமல் போய்ச் சேர்ந்தார்கள். புதன்கிழமை நாங்கள் இருவரும் பலாலியில் நின்றோம். மழை என்றால் மழை, முன்னால் நிற்கிற ஆளின் முகம் தெரியாத மழை. விமானம் வந்தது. சத்தம் கேட்டது. மேகத்துக்கு மேலே இரண்டு வட்டம் சுற்றியது. பிறகு சத்தம் தேய்ந்து போனது. இறங்க ஏலாமல் இந்தியாவுக்கே திரும்பிவிட்டது என்று அறிவித்தார்கள். அடுத்த நாளுக்கும் அதற்கடுத்த நாளுக்கும் இடமில்லை, பணத்தைத் திருப்பித் தரலாம் அல்லது சனிக்கிழமை போகலாம். சனிக்கிழமை போய் என்ன, எச்சில் இலை பொறுக்கவா? இராசேஸ்வரி மகளுக்குக் கொண்டுபோன பலகாரப் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். அழவில்லை. பெட்டிக்குள் ஈரம் போகாமல் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டிருந்தாள்.

நான் விமலேஸ்வரிக்குத் தொலைபேசி எடுத்து, வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். உங்களுக்கு இது தெரியும், தெரிந்துகொண்டே என் தங்கையை இதில் ஏற்றினீர்கள் என்றேன். “ஓம் அண்ணை,” என்றார். அதோடு வைத்துவிட்டார். என் கொதியைக் கூட்டிய விஷயம் வேறு. சுஜிதன் சொன்னபடி செய்திருந்தால், பொம்பிளையும் இப்போது எங்களோடு பலாலியில் நனைந்துகொண்டு நின்றிருப்பாள். அதை யோசிக்க யோசிக்க எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

அடுத்தநாள் காலை பத்து மணிக்கு அவரே கூப்பிட்டார். வெள்ளி விடிய கட்டுநாயக்கவிலிருந்து போகும் அரசாங்க விமானத்தில் ஒரே ஒரு இருக்கை. இரண்டு நாளாக நிரம்பிவிட்டது என்று சொன்ன விமானம் அது. என்ன மாயம் செய்தார் என்றால், வழக்கமாக விடுகிற சின்ன விமானத்துக்குப் பதிலாக அன்றைக்குப் பெரிய இனமொன்றை விடுகிறார்கள் என்று எங்கேயோ கண்டுவிட்டார். பெரிசை விட்டுவிட்டு இடமில்லை என்றால் என்ன கதை என்று நாலு அலுவலகத்தோடு சண்டை பிடித்திருக்கிறார். கணினியில் இடம் திறந்த நிமிடமே, தவித்துக்கொண்டு நின்ற மற்றவர்களை முந்தி ஒன்றைப் பிடித்துவிட்டார். திருச்சிக்கு மருந்தெடுக்கப் போகும் குடும்பமொன்று அதே விமானத்தில் போனது. அவர்கள் கட்டுநாயக்கவுக்குப் பிடித்த வான் வண்டியிலேயே இராசேஸ்வரியை மத்தியானம் ஏற்றிவிட்டார். முன்பின் விமானத்தில் ஏறியிராத என் தங்கை, கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள். எனக்கு வானிலும் இடமில்லை, விமானத்திலும் இடமில்லை.

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கே கடைக்குப் போனேன். வீட்டில் சிக்னல் கிடையாது. கலியாணத்தை மண்டபத்துக் கமெராவிலிருந்து நேரலையாக அனுப்ப ஒழுங்கு செய்திருப்பதாக அனோஜன் சொல்லியிருந்தான். உண்மையைச் சொல்வதானால், சண்டை பிடிக்கவும்தான் போனேன். விமலேஸ்வரி கணினிக்கு முன்னால் இருந்தார். விமானம் ஒரு மணித்தியாலம் பிந்தித்தான் எழும்பியதாம். இறங்கிவிட்டதாம், ஒன்பதேகாலுக்கு. மண்டபம் அரைமணித்தியால ஓட்டம். இராசேஸ்வரியின் தொலைபேசி வேலை செய்யவில்லை. அனோஜன் மாப்பிள்ளையோடு நிற்பதால் எடுக்கவில்லை. நான் ஆயத்தப்படுத்திக்கொண்டு வந்த வசனங்களை விட்டுவிட்டு, கதிரையை அவர் பக்கம் இழுத்துப் போட்டேன்.

கணினித் திரையில் கலியாணம் தொடங்கியது. ஐயர், புகை, ஒளிப்படக்காரரின் முதுகு. தாரை வார்க்கும் நேரம் வந்தபோது யதுர்ஷிகாவின் தகப்பனான என் மச்சானுக்குப் பக்கத்தில் யாரும் இருக்கவில்லை. ஐயர் கையைக் காட்டினார். மச்சான் எழும்பி விலக, பெரியக்காவும் அத்தானும் வந்து இருந்தார்கள். பெரியக்கா செம்பைத் தூக்கித் தண்ணீர் வார்த்தாள். எல்லாம் விமலேஸ்வரி எழுதிய தாளின்படியே நடந்தது. “ஒரு தாய்க்குச் செய்யிற வேலையா இது?” என்று கேட்டேன். அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பனங்கட்டி கடிக்கப்படாமல் மேசையில் கிடந்தது.

யதுர்ஷிகா கூறை மாற்றப் போனாள். கூறையோடு வந்து இருந்தாள். மேளம் மாறியது. முன்னுக்கு ஒரே சனம். ஒவ்வொரு முகமாகத் தேடினேன். என் கண்ணுக்கு ஒன்றும் அகப்படவில்லை.

“உந்தா நிக்கிறா,” என்றார் விமலேஸ்வரி.

திரையின் இடதுபக்க மூலையில், வாசலோடு, விரலை வைத்தார். புறப்பட்டபோது உடுத்திருந்த அதே நீலச் சேலை, தோளில் அதே கைப்பை. இராசேஸ்வரிதான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். விரலும் அவளோடு நகர்ந்தது. யாரோ குறுக்கே வந்து அவளை மறைத்தார்கள். விரல் அந்த இடத்திலேயே நின்றது. மறுபடி தெரிந்தாள், மறுபடி விரல் நகர்ந்தது. அவள் மணவறைக்குக் கிட்ட வந்து, மகளுக்கு நேர் பின்னால் நின்றுவிட்டாள். கெட்டிமேளம் கொட்டியது. தாலி ஏறுகிறது என்று விளங்கியது, ஆனால் ஒன்றையும் பார்க்க முடியவில்லை. மாப்பிள்ளையையும் பொம்பிளையையும் விமலேஸ்வரியின் கை மறைத்துக்கொண்டிருந்தது.

கையை எடுங்கோ என்று இரண்டு தரம் சொன்னேன். அவர் எடுக்கவில்லை.